பள்ளங்களையும் நாட்டு மரங்களையும் ஒட்டி வரும் கட்டுமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் மனைப்பிரிவு, சாலை அகலப்படுத்தல், பாலம், நூற்பாலை, கல்லூரி வளாகம் என்று எந்தக் கட்டுமானம் வந்தாலும், அதன் எல்லைக்குள்ளோ எல்லையை ஒட்டியோ ஒரு பள்ளமும் (மழைக்கு ஓடும் சிற்றோடை) நாலைந்து பெரிய மரங்களும் இருப்பது வழக்கம். அவற்றுக்கு நேரும் சேதத்தை எப்படிக் குறைப்பது என்று மனை அமைப்பவர்களும் பொறியாளர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. சட்டம் பற்றிய விடைகள் பொதுவான வழிகாட்டல் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பற்றி அதன் ஆவணங்களைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வருடத்தில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் பள்ளத்தையும் ஓடையாகத்தான் கொள்ள வேண்டுமா?

ஆம். கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால், சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் மட்டுமே இங்குள்ள பெரும்பாலான பள்ளங்களில் தண்ணீர் ஓடுகிறது. குருடிமலையில் தோன்றி வஞ்சிப்பாளையம் அருகே நொய்யலில் கலக்கும் கௌசிகா நதியே பல ஆண்டுகள் வெறும் மணல் தடமாகத்தான் கிடந்திருக்கிறது. தண்ணீர் ஓடாத மாதங்களிலும் பள்ளம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. மேலே ஆழமில்லாத செம்மண்ணும் கீழே கடினப் பாறையும் உள்ள இந்த மண்ணில், மழைநீர் நின்று இறங்குவதற்கு நல்ல இடம் பள்ளத்தின் மணற்படுகையே. சுற்றுவட்டக் கிணறுகளின் ஊற்று பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. கரையோர ஈர மண்ணுக்குள் தவளைகள் புதைந்து கிடக்கும். கடைசியாகக் காயும் மடுக்களில் கெளுத்தியும் குரவையும் தங்கியிருந்து, புதுவெள்ளம் வந்ததும் எதிர்த்து ஏறும். கரைச்சரிவில் மீன்கொத்தி வளை குடைந்து முட்டையிடும்.

நிலத்தை விற்க வந்தவர் “இந்தப் பள்ளத்தில் தண்ணீர் வந்து நான் பார்த்ததே இல்லை” என்று சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரையில் நிற்கும் வேல மரத்தின் கிளைகளைப் பார்த்தால் போதும். சருகும் நூல் கழிவும் பிளாஸ்டிக் பையும் சிக்கி ஒரே மட்டத்தில் வரிசையாகத் தொங்கும். அந்த மட்டம்தான் அண்மைய பெருமழையின் வெள்ள உயரம். டேப் பிடித்து அளந்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து மின்மோட்டாரால் ஏற்றி, 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. அத்தனை செலவில் குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே வட்டாரத்தில், அந்தக் குட்டைக்கு மழைநீரைச் சும்மா கொண்டுவந்துகொண்டிருந்த பள்ளத்தின் மேல் மண்ணைக் கொட்டி மனை போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

எங்கள் நிலத்துக்குள் ஓடும் பள்ளம் புறம்போக்கா, பட்டாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) புல எல்லை வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய பள்ளங்களுக்குத் தனிச் சர்வே எண் இருக்கும். ‘ஓடை’, ‘பள்ளம்’, ‘வாய்க்கால்’ என்று அதில் பதிவாகியிருக்கும். சிறிய வாரிகள் பட்டா நிலத்துக்குள்ளேயே போவதும் உண்டு. அவை பதிவேட்டில் இல்லை என்பதால் நிலத்தில் இல்லை என்று ஆகிவிடாது. கிராம வரைபடத்தில் பள்ளம் நேராகவும் களத்தில் வளைந்தும் இருந்தால், இரண்டையும் வரைந்து வைத்துக்கொண்டு, களத்தில் உள்ள வழியையே திட்டத்துக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. தண்ணீர் வரைபடம் பார்த்து ஓடுவதில்லை.

எந்தெந்த அனுமதிகள் தேவைப்படும்?

மனைப்பிரிவாக இருந்தால் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரமும், வெள்ளம் தேங்கும் வாய்ப்புப் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். மலையடிவாரத்தில் அறிவிக்கை செய்யப்பட்ட கிராமங்களில், பேச்சு வழக்கில் ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் சேரும்.

2006 செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.15 லட்சம் சதுர அடி கட்டுமானப் பரப்பை எட்டும் கட்டடத் திட்டங்களுக்கும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பு மேம்பாட்டுத் திட்டங்களுக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். பத்து, இருபது ஏக்கரில் போடப்படும் சாதாரண மனைப்பிரிவு இதற்குள் வருவதில்லை. அனுமதி தேவைப்படும் கட்டடத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அந்த அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே இங்குள்ள பெரும்பாலான பள்ளங்களின் தலைவிதியை முடிவு செய்வது எந்த மதிப்பீட்டுக் குழுவும் அல்ல, மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுபவரே.

மரங்களைப் பொறுத்தவரை, பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் செல்ல வேண்டும். பனை மரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்றவற்றின் பலனை அனுபவிக்க யாராவது 2சி பட்டா வைத்திருக்கிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. மரத்தை வெட்டும் நாளில் அவர் வந்து நிற்பார்.

ஓடை, மரம் பற்றியெல்லாம் திட்டத்தின் எந்தக் கட்டத்தில் யோசிக்க வேண்டும்?

முதல் கோடு போடுவதற்கு முன்பு. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா விடைகளிலும் இதுவே முக்கியமானது. சேதத்தைக் குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தவிர்ப்பது, தவிர்க்க முடியாததைக் குறைப்பது, குறைத்தும் மிஞ்சியதைச் சீர்செய்வது, எதுவும் முடியாத இடத்தில் மட்டும் ஈடுசெய்வது. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகப் போகிறது. வரைபடம் அங்கீகாரம் பெற்று, சைட்டுக்கு முன்பணம் வாங்கி, பொக்லைன் வந்து நின்ற பிறகு, “எத்தனை கன்று நட வேண்டும், சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

பல்லடம் பக்கம் 12 ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். மேற்கு எல்லையில் 700 அடி நீளத்துக்குப் பள்ளம் போகிறது. சாலைகளுக்கு இரண்டரை ஏக்கர் போனால் மீதி 9.5 ஏக்கர். தமிழ்நாட்டின் விதிப்படி சாலை நீங்கிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்; இந்த நிலத்துக்கு அது 41,000 சதுர அடிக்குச் சற்று மேலே வரும். வழக்கமாக இந்த இடத்தை விற்காத மூலையில், மின்மாற்றிக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, பள்ளத்தின் விளிம்பு வரை சைட் பிரிப்பார்கள். அதே பரப்பைப் பள்ளத்தை ஒட்டி 50 அடி அகலத்துக்கு நீளவாக்கில் போட்டால் 35,000 சதுர அடிதான் ஆகிறது. கரையும் கரையோர மரங்களும் அதற்குள் நிற்கும். விற்கும் சைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கும். மீதியுள்ள ஆறாயிரம் சதுர அடியில் குழந்தைகளுக்கு ஊஞ்சலும் போடலாம். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலேயே, கூடுதல் செலவும் இல்லாமல் வரைபடத்தில் செய்யக்கூடிய மாற்றம் இது.

ஓடையிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

விதிப்படி குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை அங்கீகாரம் தரும் அலுவலகம் சொல்லும். அது கட்டடத்தைக் காப்பதற்கான அளவு. ஓடையைக் காப்பதற்கான அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் மதிப்பீட்டில், சிறிய பள்ளத்துக்கு வெள்ள மட்டத்தின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் 10 முதல் 15 மீட்டரும், நொய்யல், நல்லாறு, அமராவதி போன்றவற்றுக்கு 30 மீட்டரும் இருந்தால்தான் கரை மண் நிற்கும், பறவையும் தங்கும். அளவைப் பள்ளத்தின் நடுவிலிருந்து எடுக்கக் கூடாது. இடைவெளிக்குள் சாலை, செப்டிக் டேங்க், மண் குவியல், வண்டி நிறுத்தம் எதுவும் வரக் கூடாது. ஒற்றையடிப் பாதை வரலாம், அதுவும் ஒரு கரையில் மட்டும்.

கரையில் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டுவது நல்லதுதானே?

வீடுகள் ஏற்கெனவே கரையைத் தொட்டு நிற்கும் இடத்தில் வேறு வழி இருக்காது. திறந்த நிலத்தில் அது தேவையற்ற செலவு. இரு பக்கமும் சுவர் எழுப்பி அடியிலும் கான்கிரீட் போட்டால், தண்ணீர் வேகம் கூடி, பிரச்சினை நம் எல்லையிலிருந்து அடுத்த தோட்டத்துக்கு மாறுகிறது; சுவர் முடியும் இடத்தில் கரை அரித்துக்கொண்டு போவதைப் பல இடங்களில் காணலாம். மணற்படுகை மூடப்படுவதால் கிணற்றுக்கு நீர் இறங்குவதும் நின்றுவிடுகிறது. மீன்கொத்திக்கு வளை தோண்ட மண் கரை இல்லை; உள்ளே தவறி விழுந்த ஆட்டுக்குட்டிக்கும் ஏறி வர வழியில்லை.

கரையைச் சரிவாகச் சீவி, அடிப்பகுதியில் மட்டும் சாந்து பூசாமல் கல் பாவி, கல்லிடுக்கில் வெட்டிவேரும் நாணலும், மேல்சரிவில் நொச்சியும் புங்கனும், உச்சியில் நீர்மருதும் நட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரை பிடித்துக்கொள்ளும். இதற்கு அகலம் வேண்டும். அந்த அகலம்தான் முந்தைய விடையில் சொன்ன இடைவெளி.

பள்ளத்தின் குறுக்கே சாலை போக வேண்டியிருக்கிறது. குழாய் போட்டு மூடலாமா?

மூன்றடிக் குழாய் இரண்டைப் பதித்து மேலே மண் நிரப்புவது செலவு குறைந்த வழிதான். முதல் பெருமழையில் சருகும் முள்ளும் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னே ஏறி, சாலையைத் தாண்டி விழும். குழாயின் வெளிவாய்க்குக் கீழே நாளடைவில் குழி விழுந்து, குழாய் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஏறுமீன் அங்கே வந்து நின்றுவிடும். அதனால் தாவி உள்ளே போக முடியாது.

இரு கரையிலும் தூண்சுவர் எழுப்பி, மேலே பலகைத் தளம் போட்டு, பள்ளத்தின் அடியை அப்படியே விடுவது முதல் தரமான வழி. பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலமான பெட்டிக் கல்வெர்ட்தான் என்றால், அதன் அடித்தளத்தை ஓடையின் தரை மட்டத்துக்கு ஓர் அடியாவது கீழே இறக்கி, உள்ளே மணலும் கல்லும் படிந்துகொள்ள விட வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் உள்ளகலம் பள்ளத்தின் இயல்பான அகலத்தை விடக் குறையக் கூடாது. ஒரு மனைப்பிரிவுக்கு ஒரு குறுக்குப்பாலம் போதும். இரண்டு கேட்டால் ஏன் என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

எந்த மரங்களை நாட்டு மரங்கள் என்று கொள்வது? எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா?

பள்ளத்தோரத்தில் நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, அத்தி. மேட்டு நிலத்தில் வெள்வேல், உசிலை, வேம்பு, வன்னி, வெப்பாலை, வாகை. எங்கும் ஆல், அரசு, இச்சி, பனை. இவையே இங்கு அதிகம் எதிர்ப்படுபவை. சாலையோரப் புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள். வந்து பல நூற்றாண்டுகள் ஆகி, பொந்துகளில் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடாகிவிட்ட மரத்திடம் பூர்வீகம் கேட்பது வீண். தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் வெளியிலிருந்து வந்தவை. நிற்பது நிற்கட்டும், புதிதாக நட வேண்டாம். கோனோகார்பஸ் நடுவதை 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசே தடை செய்துவிட்டது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத நிலை வந்தால், முதலிடம் பொந்துள்ள முதிய மரங்களுக்கும் ஆல், அரசு, அத்தி இனங்களுக்கும் கரையைப் பிடித்து நிற்பவற்றுக்கும் தர வேண்டும். சுற்றளவு ஓர் அடி உள்ள இருபது வேம்பை விட, பொந்து விழுந்த ஓர் இலுப்பை மதிப்பு மிக்கது. பட்டுப்போன மரம் வெறும் விறகு என்று நினைப்பதும் தவறு; யார் தலையிலும் விழாத இடத்தில் நிற்குமானால் அதை விட்டுவைக்கலாம்.

சீமைக்கருவேலத்தை முழுக்க அழித்துவிடலாம் அல்லவா?

அழிக்கலாம், ஆனால் பார்த்து அழிக்க வேண்டும். “முள்ளு மரத்தையெல்லாம் எடுத்துவிடு” என்று பொக்லைன் ஓட்டுநரிடம் சொன்னால் சீமைக்கருவேலத்தோடு வெள்வேல், கருவேலம், வன்னி எல்லாம் ஒரே நாளில் போய்விடும். வேறுபாடு எளிது. சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் வெளிறிய மஞ்சளாய்த் தட்டையாகத் தொங்கும். முள் கணுக்களில் இருக்கும். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். வெள்வேலுக்கு வெளிறிய பட்டையும் வெண்மஞ்சள் உருண்டைப் பூக்கொத்தும். வன்னியில் முள் கணுவில் மட்டும் இல்லாமல் கிளை நெடுகச் சிதறியிருக்கும். விட வேண்டிய மரங்களில் முதல் நாளே வெள்ளைப் பெயிண்ட் அடித்து வைப்பது நல்ல ஏற்பாடு.

கரையில் நிற்கும் சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் வேரோடு பிடுங்கினால் அடுத்த மழையில் கரை சரியும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நாணலோ நொச்சியோ நட வேண்டும். முளை மறுபடி வரும். இரண்டு மூன்று வருடம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் முதல் வருடச் செலவும் வீண்.

விட்டுவைக்கும் மரத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும்?

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து நாலால் பெருக்குங்கள். தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதியைக் காக்க வேண்டும் என்று பல நாடுகளின் தரநிலைகள் கூறும் அளவு ஏறத்தாழ இதுவே. ஏழடிச் சுற்றளவுள்ள இலுப்பைக்கு நாற்புறமும் 28 அடி. கேட்பவர்கள் திகைப்பது இயல்புதான். ஆனால் மரத்துக்கு உணவும் நீரும் எடுத்துத் தரும் சல்லிவேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே, கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. ஆழத்தில் உள்ள ஆணிவேர் மட்டும் மரத்தை வாழவைக்காது.

இந்த வட்டத்துக்குள் வேலை தொடங்குவதற்கு முன்பே, சாயாத வேலி போட வேண்டும். சிவப்பு ரிப்பன் கட்டினால் மறுநாளே காணாமல் போகும். உள்ளே ஜல்லி, சிமென்ட், கம்பி இறக்கக் கூடாது. டிப்பர் லாரி நாலு முறை ஏறி இறங்கினாலே மண் இறுகி, காற்றும் நீரும் வேருக்குப் போகாது. பலர் அறியாமல் செய்வது மண் மேடாக்குவது: சைட்டைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவதற்காக மரத்தடியில் ஓரடி கிராவல் மண் கொட்டினால், மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று கோடையில் உச்சிக் கிளையிலிருந்து காய்ந்துகொண்டு வரும். அதற்குள் ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போயிருப்பார். “மரத்துக்கு வயசாகிவிட்டது” என்று பேச்சு முடிந்துவிடும். குழாயோ கேபிளோ இந்த வட்டத்துக்குள் போயே ஆக வேண்டுமென்றால் கடப்பாரையால் தோண்டி, விரல் பருமனுக்கு மேற்பட்ட வேரை அறுக்காமல் அதன் அடியில் நுழைத்துக் கொண்டுபோகலாம்.

வேலையை எந்த மாதங்களில் செய்வது?

இதில் ஒரு முரண் இருக்கிறது. பள்ளத்துக்குள் செய்ய வேண்டிய அடித்தளம், கரை வேலைகளுக்குத் தை முதல் பங்குனி வரையான வறண்ட மாதங்களே ஏற்றவை. ஆனால் பொந்துகளில் கிளியும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கும் காலமும் அதேதான். மழைக்குப் பிறகு என்று தள்ளினால், பள்ளத்தோர வேல மரங்களிலும் பனையிலும் தூக்கணாங்குருவி கூடு கட்டத் தொடங்கிவிடும். ஆகவே பள்ளத்து வேலைக்கு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற மரங்களுக்கு, மாதத்தை நம்பாமல், வெட்டுவதற்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொன்றையும் காலையிலும் மாலையிலும் நின்று பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை காத்திருங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதை வேட்டை என்றே வரையறுக்கிறது. மயில் அதன் முதல் அட்டவணையில் உள்ளது.

கான்கிரீட் போடும் நாட்களில் ரெடிமிக்ஸ் லாரியைக் கழுவும் தண்ணீர் பள்ளத்துக்குள் போகாமல் பார்ப்பது தனிக் கவனம் தேவைப்படும் வேலை. சிமென்ட் கழுவிய நீரின் காரத்தன்மை (pH அளவு) 12 வரை போகும். சிறு மடுவில் கலந்தால் அங்குள்ள மீன் மிஞ்சாது. பள்ளத்திலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, அதில் கழுவச் சொல்லுங்கள். தோண்டிய மண்ணையும் கரையில் குவிக்கக் கூடாது. ஒரே கோடை மழை அவ்வளவையும் கீழே உள்ள குட்டைக்குக் கொண்டுபோய்விடும்.

மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாமே?

ஆல், அரசு, இச்சி ஆகியவை பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. வேம்பு, புங்கன் ஓரளவு. முதிர்ந்த இலுப்பை, நீர்மருது போன்றவற்றில் நம்பிக்கை வைக்க வேண்டாம். பிழைக்க வேண்டுமானால் சில வாரங்களுக்கு முன்பே அரைவட்டம் அரைவட்டமாக வேரை அறுத்து, புதுச் சல்லிவேர் விட்ட பிறகு பெயர்க்க வேண்டும். பெயர்த்த பிறகு இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையில் தோண்டி மாலையில் நட்டுப் படமெடுத்து வெளியிடுவது இடமாற்றம் ஆகாது.

வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டால் ஈடாகிவிடுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் விரிந்த மரத்தின் நிழற்பரப்பு ஏறத்தாழ 177 சதுர மீட்டர். ஒரு மீட்டர் விரிந்த கன்றின் நிழல் முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். பத்துக் கன்றும் பிழைத்தாலும் எட்டுச் சதுர மீட்டரைத் தொடாது. இன்று இழந்த நிழலை இன்றே ஈடுசெய்ய 225 கன்று வேண்டும். பொந்தையும் பழத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே ஒன்றுக்குப் பத்து என்பதை வெட்டுவதற்கான விலையாகப் பார்க்காமல், வேறு வழியே இல்லாதபோது செலுத்தும் குறைந்தபட்ச அபராதமாகப் பார்ப்பதே சரி.

நடுவதாக இருந்தால், நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் அடைமழை கைகொடுக்கும். வெட்டியது பள்ளத்தோர நீர்மருது என்றால் பள்ளத்தோரத்திலேயே நீர்மருது நட வேண்டும். பத்து மைல் தள்ளி ஒரு பள்ளி வளாகத்தில் பாதாம் கன்று நட்டுக் கணக்குக் காட்டுவதை ஏற்கக் கூடாது.

நிலத்தில் பழைய இட்டேரியும் (இருபுறமும் வேலியுள்ள தோட்டத்துப் பாதை) கிளுவை வேலியும் இருக்கின்றன. அவையும் இதில் சேருமா?

சேரும். பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுக்காமல் முதலில் அழிவது இதுதான். இரு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடிகளும் அடர்ந்த இட்டேரி, தோட்டத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே கீரி, உடும்பு, கௌதாரி போய்வரும் மறைவான வழி. காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களும் இப்படித்தான்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல். மேய்ச்சல் நிலம் என்று எழுதியிருப்பதால் அதை வெற்று நிலமாக மதிப்பிடுகிறார்கள். இட்டேரியின் ஒரு பக்க வேலியை விட்டுவைத்து, அதையே மனைப்பிரிவின் எல்லைச் சுவராக்கிக்கொள்ளலாம். காம்பவுண்டுச் சுவர் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

எல்லா சைட்டும் விற்ற பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு?

திறந்தவெளி ஒதுக்கீடு உள்ளாட்சியின் பெயருக்குப் போய்விடும். அதைப் பராமரிக்க உள்ளாட்சியிடம் ஆள் இருக்காது. விற்பனைப் பத்திரத்தில் பள்ளத்தோரப் பகுதியைப் பற்றிய நிபந்தனைகளை எழுதுவதும், குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மூன்று ஆண்டுப் பராமரிப்புத் தொகையை வைப்பாகப் போட்டுக் கொடுப்பதும் ஓரளவு பயன் தரும். சைட் வாங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்றுண்டு: பள்ளத்தில் புதர் இருக்கும், பாம்பும் இருக்கும். பூங்கா போல் சுத்தமாக இருக்கும் என்று விளம்பரப் படம் காட்டி விற்றால், குடிவந்த முதல் வருடமே புதரை எரித்துவிடுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ற முறையில் நான் என்ன செய்ய முடியும்?

முதலில் படமெடுத்து வையுங்கள்: பள்ளம், மரங்கள், வெள்ள அடையாளம், எல்லைக்கல். நாளும் இடமும் பதிவாகும்படி, வேலை தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராமசபையில் பள்ளத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் பள்ளமும் அங்குள்ள முதிய மரங்களும் ஏறியிருந்தால், பின்னாளில் “அங்கே ஒன்றுமே இல்லை” என்று யாரும் எழுத முடியாது. திருப்பூர் அருகே நல்லாற்று நீரால் நிரம்பும் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் ஆனதற்கு, அங்கே வரும் பறவைகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து வைத்திருந்தவர்களின் குறிப்புகள் பெரிதும் உதவின.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால், அனுமதிக் கடிதமும் நிபந்தனைகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் கிடைக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிறுவனம் அறிக்கை தர வேண்டும். அதைக் களத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற திட்டங்களுக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்கலாம். பள்ளத்தை மூடும் வேலை கண்முன்னே நடந்தால் வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதானால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்கு மேல் தாமதமானால் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை.